கண் மேற்பரப்பில் தொடக்க நிலைப் புற்று: சொட்டு மருந்தா, அறுவை சிகிச்சையா?

கேள்வி: விவசாயம் செய்யும் என் அப்பாவுக்கு வயது 61. அவருடைய வலது கண்ணில், கருவிழியின் ஓரமாக வெண்மையாகத் தடித்திருந்த திட்டைச் சதை வளர்ச்சி என்றே நினைத்திருந்தோம். அண்மையில் சிறு துணுக்கை எடுத்துப் பரிசோதித்ததில் ‘கார்சினோமா இன் சிட்டு’ என்று அறிக்கை வந்துள்ளது. இது புற்றுநோய்தானா? கண்ணையே எடுக்க நேருமா? சொட்டு மருந்து, அறுவை சிகிச்சை இரண்டில் எதைத் தேர்வது?

பதில்: முதலில் அச்சத்துக்கு விடை சொல்லிவிடுகிறேன். அறிக்கையில் உள்ள நிலையோடு நோய் நிற்குமானால், கண்ணை எடுக்க வேண்டிய தேவை இல்லை. கண்ணின் வெண்பகுதியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வும் கருவிழியும் சேரும் விளிம்பில், புதிய செல்களை இடையறாது உண்டாக்கும் குருத்துச் செல்கள் உள்ளன. இமைகளுக்கு இடையே வெயில் நேராகப் படும் இடமும் அதுவே என்பதால், இவ்வகைப் புற்று பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. கண்ணின் மேற்பரப்பைப் போர்த்தியிருக்கும் செல் அடுக்கான மேற்படலத்தின் செல்கள் முழுத் தடிமனுக்கும் மாறிவிட்ட பின்னும் அவற்றின் அடியில் உள்ள சவ்வைத் தாண்டாத நிலையையே கார்சினோமா இன் சிட்டு என்கிறோம். மேற்படலத்துக்குள் இரத்தக் குழாய்களோ நிணநீர்க் குழாய்களோ இல்லாததால், அந்த நிலையில் நோய் உடலின் வேறு இடங்களுக்குப் பரவ வழியில்லை. கவனிக்காமல் விட்டால்தான் அது அடிச்சவ்வைக் கடந்து ஊடுருவும் புற்றாக மாறக்கூடும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எடுக்கப்பட்டது சிறு துணுக்கு மட்டுமே என்றால், திட்டின் வேறொரு பகுதியில் நோய் ஆழமாக இறங்கியிருப்பதை அந்த அறிக்கை காட்டாமல் போகலாம். எனவே கண்ணின் முன்பகுதிக்கான ஓ.சி.டி. ஸ்கேன் (ஒளியைக் கொண்டு திசுவின் அடுக்குகளைப் படமெடுப்பது) எடுத்தார்களா, திட்டு அடியில் உள்ள கெட்டியான விழிவெண்படலத்தோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சதை வளர்ச்சி என்று இதைத் தவறாக எண்ணுவது அரிதல்ல. இரண்டுமே வெயிலில் உழைப்பவர்களுக்கு வருபவை, ஒரே கண்ணில் சேர்ந்தும் இருக்கக்கூடும். சதை வளர்ச்சிக்காக அகற்றப்படும் திசுவையும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

திட்டு சிறியதாக, எல்லை தெளிவாக இருந்தால் அறுவை சிகிச்சையே என் விருப்பம். திட்டை நேரடியாகத் தொடாமல், சுற்றிலும் 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை நலமான திசுவையும் சேர்த்து எடுத்து, விளிம்புகளைக் கடுங்குளிரால் உறையவைத்து, பரப்பு பெரிதானால் பனிக்குடச் சவ்வை (கருவைச் சூழ்ந்திருக்கும் பனிக்குடத்தின் மெல்லிய சவ்வு) அந்த இடத்தில் ஒட்டுவார்கள். விளிம்பில் நோய்ச் செல்கள் எஞ்சினால் நோய் திரும்பும் வாய்ப்பு வெகுவாகக் கூடும் என்பதால், முதல் அறுவை சிகிச்சையை இதில் அனுபவமுள்ளவர் செய்வது முக்கியம்.

திட்டு பரவலாகவோ எல்லை தெளிவில்லாமலோ இருந்தால் சொட்டு மருந்து பொருத்தமானது, ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியாத நோய்ச் செல்களையும் எட்டுகிறது. இன்டர்ஃபெரான் ஆல்ஃபா 2பி எரிச்சல் குறைவானது. ஆனால் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில மாதங்கள் இடைவிடாமல் விட வேண்டும். 1 சதவீத 5-ஃப்ளூரோயுராசில் விலை குறைந்தது. ஒரு வாரம் தினமும் நான்கு முறை விட்டு மூன்று வாரம் நிறுத்துவது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. அதனால் இமைத்தோல் புண்ணாகாதிருக்க வாஸ்லின் தடவுவார்கள். மருந்து விடுபவர் கையுறை அணிய வேண்டும், கர்ப்பிணிகள் அதைத் தொடக்கூடாது. மைட்டோமைசின் வீரியம் மிக்கது, குருத்துச் செல்களையும் பாதிக்கக்கூடியது. ஆகவே நெருங்கிய கண்காணிப்பில் மட்டுமே விட வேண்டும்.

எந்த வழியானாலும், எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்வதில் தயக்கம் வேண்டாம். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களிடம் இந்நோய் கூடுதலாக, தீவிரமாகவும் வருவதால் கேட்கப்படும் பரிசோதனை அது. அப்பாவின் ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி அல்ல. புகைப்பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். வயலுக்குப் போகும்போது அகன்ற விளிம்புத் தொப்பியும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் அணியட்டும். நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தெரியவரும். ஆனாலும் அதற்குப் பின்னும் வருவதுண்டு என்பதால், கண் தெளிந்துவிட்டது என்று எண்ணி, மருத்துவர் குறித்துத் தரும் மறுபரிசோதனை நாட்களைத் தவறவிடாதீர்கள்.