கார்ட்டூன்தானே என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது, மகளுக்கு 13. கார்ட்டூன்தானே என்று மகனிடம் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு வேலையில் மூழ்கிவிட்டேன். அதில் ஒருவன் தலை துண்டாகி உருண்டிருக்கிறது. மூன்று நாளாக இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை. 'பார்க்கப் பார்க்கப் பழகிவிடும்' என்கிறார் கணவர். மகளோ, 'நீ பார்க்கிற க்ரைம் தொடரை நான் மட்டும் ஏன் பார்க்கக் கூடாது?' என்கிறாள். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: முதலில், அந்த விளக்கு எரியட்டும். பழகிவிடும் என்பது நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிடுகிற வைத்தியம். அப்படி நீந்தக் கற்றவர்களும் உண்டு. அதற்கப்புறம் தண்ணீர்ப் பக்கமே போகாதவர்களும் உண்டு.

கார்ட்டூன் என்பது படம் எடுக்கும் முறை, அவ்வளவுதான். பெரியவர்களுக்கென்றே எடுத்த கார்ட்டூன்கள் ஏராளம். தொடர் ஆரம்பிக்கும்போது திரையின் மூலையில் சில நொடி தோன்றும் வயதுக் குறியீட்டைப் பாருங்கள். இந்தியாவில் ஓடிடி தளங்களுக்கு 2021 முதல் யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என ஐந்து பிரிவுகள். தியேட்டர் படங்களுக்கு யு/ஏ-வை இப்படி மூன்றாகப் பிரித்தது 2024-இல்தான். சிக்கல் எப்போதும் இந்த நடுப்பகுதியில்தான். அமெரிக்காவிலும் சில படங்கள் பிள்ளைகளை மிரட்டிவிட்டன என்று பெற்றோர் குமுறிய பிறகே, 1984-இல் பிஜி-13 என்ற இடைப்பட்ட பிரிவு வந்தது.

ஆனால் நான் எண்ணைவிட அதன் பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைத்தான் நம்புவேன்: வன்முறை, ஆபாசப் பேச்சு, போதைப்பொருள் என்று காரணம் அங்கேதான் இருக்கும். கெட்ட வார்த்தைக்காக 13+ வாங்கிய படமும் ரத்தத்துக்காக 13+ வாங்கிய படமும் உங்கள் மகனுக்கு ஒன்றாகுமா?

பயமும் வயதுக்கு வயது மாறும். ஏழு வயதில் உருவம்தான் மிரட்டும். கோரைப்பல், உருண்ட தலை, திடீரென்று வருகிற சத்தம். 'அது நிஜமில்லை கண்ணா' என்று நீங்கள் சொல்வது அவன் காதில் விழும், வயிற்றுக்குள் இறங்காது. பதின்மூன்றில் நிலைமை வேறு. உங்கள் மகள் அந்தத் தலையைப் பார்த்துச் சிரித்துவிடுவாள். ஆனால் பள்ளி விட்டு வரும் பெண்ணைக் காரில் கடத்தும் காட்சி அவளுக்குள் தங்கிவிடும், ஏனென்றால் அது நாளைக்கே நடக்கக்கூடியது. செய்திச் சேனலும் இந்தக் கணக்கில் வரும்.

அவள் கேள்விக்கு நேர்மையாகவே பதில் சொல்லுங்கள். 16+ அல்லது ஏ என்றால் 'இப்போது வேண்டாம்' என்று காரணத்தோடு சொல்லலாம். 13+ என்றால் முதல் எபிசோடை நீங்கள் தனியாகப் பாருங்கள்; சரி என்று பட்டால் அப்புறம் சேர்ந்து பாருங்கள். உங்கள் க்ரைம் தொடரைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு, ஹெட்போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாலில் முதுகைக் காட்டி விளையாடும் பையனுக்கும் அலறல் கேட்கும்!

குழந்தைகளுக்கான தனிப் ப்ரொஃபைல், பெரியவர்கள் பக்கத்துக்கு ரகசிய எண் (PIN) இரண்டையும் இன்றே போட்டுவிடுங்கள். ஆட்டோப்ளேயை அணைத்து வையுங்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடித்தான் அந்தத் தலை வந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

மகன் அடுத்த கார்ட்டூன் பார்க்கும்போது பக்கத்தில் கணவரை உட்கார வையுங்கள், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. எந்த இடத்தில் பையன் அவர் கையைப் பிடிக்கிறான் என்று அவரே பார்க்கட்டும்.