ஓடுபாதை இல்லாத இடத்தில் சிறிய விமானத்தை இறக்குவது ஏன் ஆபத்து?

விமான நிலையத்தில் இறங்காமல் வயல், ஆற்றுப்படுகை, கடற்கரை போன்ற இடங்களில் இறங்குவதைப் பற்றிய கேள்வி இது. சாலைகள் குறைவான அமெரிக்க மாநிலமான அலாஸ்காவில் இது அன்றாட வேலை. பைப்பர் சூப்பர் கப் போன்ற விமானங்களுக்குக் காற்றழுத்தம் குறைந்த பெரிய டயர்களை மாட்டி, ஆற்றோரக் கூழாங்கல் திட்டுகளில் இறக்குகிறார்கள்.

ஆபத்துக்கு மூலகாரணம் வேகம். செஸ்னா 172 என்ற சிறிய விமானம் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஸ்கூட்டரின் முன்சக்கரம் திடீரென மணலில் புதைந்தால் ஓட்டுபவர் முன்னால் தூக்கி எறியப்படுவார் அல்லவா? இங்கும் அப்படித்தான். சக்கரம் ஈரமண்ணில் சிக்கினால் விமானம் மூக்குக் குத்திக் கவிழ்ந்துவிடலாம். மேலிருந்து பார்த்தால் புல்வெளி சமமாகத்தான் தெரியும். பள்ளமும் கல்லும் புல்லுக்குள் ஒளிந்திருக்கும். அப்புறம் மின்கம்பி. எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். பறக்கும்போது கம்பி கண்ணுக்கு எளிதில் படாது, கம்பங்களைத்தான் தேட வேண்டும்.

பத்திரமாக இறங்கிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பல சிறிய விமானங்களுக்கு இறங்குவதைவிட மேலெழும்பத்தான் அதிக தூரம் தேவை, அதனால் இறங்கிய இடத்திலிருந்து கிளம்ப முடியாமலே போகலாம்.