பெயர் தெரியாத விசில் மெட்டு: தேடுவதற்கு முன் பாடுங்கள்

கேள்வி: அயர்லாந்தின் கிளேர் பகுதியில் உள்ள டூலின் ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு பப்பில் ஒருவர் டின் விசிலில் (ஆறு துளை கொண்ட சிறு குழல்) வாசித்த மெட்டை 40 வினாடி போனில் பதிவு செய்தேன். பெயர் கேட்காமல் வந்துவிட்டேன். திரும்பும்போது டி சுருதி விசில் ஒன்று வாங்கினேன். மேற்கத்திய நொட்டேஷன் தெரியாது; சிறு வயதில் கொஞ்சம் பாட்டு கற்றதோடு சரி. இந்த மெட்டு என்னவென்று கண்டுபிடித்து, காதால் கேட்டே கற்க முடியுமா?

பதில்: முடியும். நொட்டேஷன் தெரியாததைக் குறையாக நினைக்க வேண்டாம். ஐரிஷ் மெட்டுகளைத் திரட்டியவர்களில் மிகப் பெரிய பெயர் பிரான்சிஸ் ஓநீல். கார்க் பகுதியில் பிறந்து, சிகாகோ நகரக் காவல் துறையின் தலைவரானவர். 1903-ல் அவர் வெளியிட்ட தொகுப்பில் 1,850 மெட்டுகள் இருந்தன. ஆனால் அவருக்கு நொட்டேஷன் எழுத வராது. தனக்குத் தெரிந்ததை அவர் வாசித்துக் காட்ட, ஜேம்ஸ் ஓநீல் என்ற சக காவலர் கேட்டு எழுதிக்கொண்டார். நாம் கேள்வி ஞானம் என்கிறோமே, அந்த இசை மரபு தலைமுறை தலைமுறையாக அதைக்கொண்டுதான் வளர்ந்திருக்கிறது.

உங்கள் வரிசையை மட்டும் மாற்றச் சொல்வேன். முதலில் பெயர், அப்புறம் கற்றல் என்று நினைக்கிறீர்கள். இந்த இசையில் பெயர் அவ்வளவு உறுதியான பிடி இல்லை. ஒரே மெட்டுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு மூன்று மெட்டுகளும் இருக்கும். ஆல்பங்களிலேயே சில மெட்டுகளுக்கு நேராக ‘கான் அனிம்’ என்று போட்டிருப்பார்கள். ஐரிஷ் மொழியில் அதற்குப் ‘பெயர் இல்லாதது’ என்று பொருள். வாசித்தவரிடம் கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மெட்டின் முதல் வரியை உங்கள் வாயால் பாடிவிட்டால் தேடலும் நடக்கும், கற்றலும் பாதி முடிந்திருக்கும்.

பதிவைப் போட்டு, காலால் தட்டிக்கொண்டே ஜதி சொல்லிப் பாருங்கள். ‘தகிட தகிட’ பொருந்தினால் அது ஜிக் என்ற நடன மெட்டு வகை. ‘தகதிமி தகதிமி’ என்று வேகமாக ஓடினால் ரீல். அதே தகதிமி நிதானமாக, துள்ளித் துள்ளி நடந்தால் ஹார்ன்பைப். மூன்று தகிட சேர்ந்து ஒரு சுற்றானால் ஸ்லிப் ஜிக். கார்க், கெர்ரி எல்லையில் உள்ள ஸ்லீவ் லூக்ரா வட்டாரத்தின் பொல்காவாக இருந்தால் ‘தக தக’ என்று இரண்டிரண்டாக விழும். வகை தெரிந்ததுமே தேட வேண்டிய குவியல் பெரிதும் குறைந்துவிடும்.

அடுத்து, மெட்டு எங்கே திரும்புகிறது என்று கேளுங்கள். பெரும்பாலான மெட்டுகளுக்கு இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் 8 அளவை (ஆங்கிலத்தில் ‘பார்’; ஜிக்கில் இரண்டு தகிட சேர்ந்தது ஓர் அளவை), ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசிப்பார்கள். ஆக ஒரு சுற்றுக்கு 32 அளவை. வழக்கமான வேகத்தில் அதற்கு அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். உங்கள் 40 வினாடிக்குள் ஒரு முழுச் சுற்றே இருக்கலாம். ஒன்று கவனியுங்கள்: இரண்டு மூன்று மெட்டுகளை நிறுத்தாமல் கோத்து வாசிப்பது அங்கே வழக்கம். நடுவில் திடீரென்று நிறம் மாறினால் இரண்டாவது மெட்டு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் ஆதார சுருதி. ஒரு பகுதி முடியும்போது எந்த ஸ்வரத்தில் இளைப்பாறுகிறது? அதுதான் பெரும்பாலும் உங்கள் ஸட்ஜம். நீங்கள் கற்ற பாட்டு இங்கே கைகொடுக்கும். டி விசிலில் ஆறு துளையையும் மூடி ஸட்ஜமாக வைத்து, கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் சங்கராபரணத்தின் ஸ்வரஸ்தானங்கள். அதே துளைகளில் ரிஷபத்தை ஸட்ஜமாக்கினால் கரகரப்பிரியா, பஞ்சமத்தை ஆக்கினால் ஹரிகாம்போதி, தைவதத்தை ஆக்கினால் நடபைரவி. ஸ்வரங்களை மாற்றாமல் ஸட்ஜத்தை மட்டும் இடம் மாற்றும் அதே கிரக பேதம்தான். ஐரிஷ் மெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த நான்கு வீடுகளில் ஏதோ ஒன்றில்தான் குடியிருக்கின்றன. ஸ்தானங்கள் மட்டும்தான் ஒன்று. நம் ராக கமகங்களை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். விசில் கற்கத் தொடங்கும் பலரும் முதலில் எடுப்பது ‘தி கெஷ்’ என்ற ஜிக். மேல் மூன்று துளைகளை மூடினால் வருவது அதன் ஸட்ஜம். முதல் நான்கு அளவை இப்படிப் போகும் (காற்புள்ளி வரும் இடத்தில் முந்தைய ஸ்வரம் நீளும்):

ச , , ச ரி க | ரி , , ரி க ப | த ப ப ச ப ப | த ப க ப க ரி

மூன்றாவது அளவையின் ச மட்டும் மேல் ஸ்தாயி. வாய்விட்டுப் பாடினால் மோகனத்தின் ஐந்து ஸ்வரங்கள்தான் என்பது உடனே தெரியும். பகுதியின் கடைசியில் ‘ரி ச நி ச’ என்று முடியும்போதுதான் நிஷாதம் எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு தகிடவின் முதல் எழுத்தை மட்டும் எடுங்கள்: ச ச ரி ரி த ச த ப. இதுதான் எலும்புக்கூடு. ஐந்தாவது, ஆறாவது அளவைகள் முதல் இரண்டின் மறுபடிதான். ஏழாவதும் மூன்றாவதைப் போலவே தொடங்கும். எட்டு அளவையில் புதிதாகக் கற்க வேண்டியது உண்மையில் ஐந்தரை அளவைதான்.

உங்கள் மெட்டிலும் இதையே செய்யுங்கள். போனில் விஎல்சி செயலியில் வேகத்தை 0.75-க்கோ 0.5-க்கோ குறைக்கலாம், சுருதி மாறாது. விசிலின் நாதம் மிக உயரத்தில் இருப்பதால் அதே ஸ்தாயியில் பாட முயலாமல், தொண்டைக்கு இதமாகக் கீழே இறக்கிப் பாடுங்கள். இரண்டு அளவை மனதில் நின்றதும் விசிலை எடுங்கள். பாடத் தெரிந்த இடத்தை விரல் தானே தேடிக் கண்டுபிடிக்கும். பதிவு அரை ஸ்வரம் உயரமாக ஒலித்தால் குழம்ப வேண்டாம், சிலர் ஈ பிளாட் சுருதி விசிலில் வாசிப்பார்கள். விரல் முறை அதேதான்.

இப்போது தேடலாம். டப்ளினில் உருவான டியூன்பால் என்ற செயலியில் உங்கள் விசிலில் சில வினாடி வாசித்தால், தொகுப்புகளோடு ஒப்பிட்டுப் பொருத்தமான பெயர்களைக் காட்டும். பப் சத்தத்தோடு உள்ள பதிவைப் போட்டால் அது திணறும். அதனால்தான் முதலில் கற்கச் சொன்னேன்.

அலங்காரங்களுக்கு அவசரம் வேண்டாம். கெஷ் தொடக்கத்தில் உள்ள நீண்ட ஸட்ஜத்தை அங்கே ‘ரோல்’ ஆக்குவார்கள்: ச பிடித்து, மேல் கை நடுவிரலை இமைப்பொழுது தூக்கி வைத்து, மறுபடி ச, அடுத்து கீழ்க் கை ஆள்காட்டி விரலால் கீழ்த் துளையை ஒரு தட்டு, மறுபடி ச. ஊதும் மூச்சு நடுவில் அறுபடாது. மெட்டு வெறுமையாகவே நன்றாக ஒலிக்கும்வரை இதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. நீங்கள் போன டூலின் ஊர்க்காரரான விசில் கலைஞர் மைக்கோ ரஸல் (1915–1994) வாசித்ததைக் கேட்டுப் பாருங்கள். அலங்காரம் அளவோடு, மெட்டு தெளிவாக, நடை துள்ளலாக இருக்கும். இன்னொரு விசில் கலைஞரான மேரி பெர்கினின் 1979 ஆல்பம் அற்புதமானது. அதை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக மூச்சு. இந்த மெட்டுகளில் மூச்சுக்கு என்று இடைவெளி கிடையாது. தாளத்தை நீட்டாமல், ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டு அந்த இடத்தில் மூச்சு எடுங்கள். ‘த ப ப’ என்று வரும் இடத்தில் இரண்டாவது ப-வை விடலாம். தகிடவின் முதல் எழுத்தை மட்டும் விடாதீர்கள்.