ஓடுகிற சாமானை எங்கே கொடுப்பது? – வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்ய ஆரம்பித்ததும் எனக்கு வரும் கேள்விகளெல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. கெட்டுப்போன சாமானைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நன்றாக ஓடுகிறது, ஆனால் யாருக்கும் வேண்டாம், தூக்கிப்போடவும் மனம் வரவில்லை, என்ன செய்வது என்றுதான் கேட்கிறார்கள். பினாங்கில் இருபது வருடத்துக்கு மேல் டிவி, ரேடியோ பழுது பார்த்தவன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டால், ஓடும்போதே கொடுத்துவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்டோர் ரூமில் நாலு வருடம் கிடந்த பெட்டி, கொடுக்க நினைக்கிற நாளில் ஓடாது.

ஜெலுத்தோங் அடுக்குமாடியிலிருந்து ஓர் அம்மா: 29 அங்குலப் பழைய பெட்டி டிவி. படம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. மகன் புதிது வாங்கிவிட்டான். கீழே லிப்ட் பக்கத்தில் வைத்தால் யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

வேண்டாம் அம்மா, கீழே மட்டும் வைத்துவிடாதீர்கள். எடுத்துப் போகிறவர் பெரும்பாலும் பார்ப்பதற்காக எடுப்பதில்லை. படக்குழாயின் கழுத்தைச் சுற்றி ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கும், அவருக்கு வேண்டியது அது மட்டும்தான். ஒருமுறை என் கடைக்குப் பின்னால் இருந்த வாய்க்காலில் அப்படி ஒரு டிவி கிடந்தது. கழுத்தை உடைத்துச் சுருளைப் பிடுங்கிக்கொண்டு, மீதியை அப்படியே தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, உள்பக்கம் வெள்ளையாக ஒரு பொடி பூசியிருக்கும். மழை பெய்து அந்தப் பொடி தண்ணீரோடு போய்க்கொண்டிருக்க, இரண்டு பையன்கள் அதன் மேல் கல் எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை விரட்டிவிட்டு, கையுறை போட்டு நானே பொறுக்கினேன். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன்.

உங்கள் டிவி இன்றைக்கும் பயன்படும். 2019 அக்டோபரோடு மலேசியா முழுக்க பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள், அதனால் ஏரியலை நேராகச் செருகினால் வெறும் புள்ளிதான் தெரியும். ஆனால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் போடும் ஓட்டை இருக்கிற மைஃப்ரீவியூ டிஜிட்டல் பெட்டி ஒன்றைச் சேர்த்தால் படம் வரும். அந்த டிஜிட்டல் பெட்டியோடு சேர்த்துக் கொடுக்க முடிந்தால் கேட்க ஆள் இருக்கலாம். பழைய வீடியோ கேம் விளையாடுகிறவர்களும் இந்த வகை டிவியைத் தேடுகிறார்கள். துப்பாக்கியைத் திரைக்கு நேராக நீட்டிச் சுடும் அந்தக் காலத்து விளையாட்டுகள் தட்டை டிவியில் சரியாக வேலை செய்வதில்லை. மூடா என்கிற விளம்பரத் தளத்திலோ பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ போடும்போது ஓடுகிற நிலையில் ஒரு படம் எடுத்து, பழைய கேமுக்கு ஏற்றது என்று எழுதிப் போடுங்கள். ஆனால் 29 அங்குலம் இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய கனம், அவர்கள் அதிகம் கேட்பது சின்ன டிவியைத்தான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வாரம் பாருங்கள். ஆள் வரவில்லையென்றால் மின்கழிவு சேகரிக்கிற இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள். இங்கே மின்கழிவு சட்டப்படி எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாகவே, அதாவது அபாயக் கழிவுப் பட்டியலில், வருகிறது. வீட்டுச் சாமானை வாங்கிக்கொள்ளும் இடங்களின் பட்டியலைச் சுற்றுச்சூழல் துறையே வைத்திருக்கிறது. கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டு, பெட்டி டிவி எடுப்பீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் எடுப்பதில்லை. அப்புறம், பின்மூடியை யாரும் திறக்கக்கூடாது. சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே ஆளைத் தூக்கி எறியும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அண்ணன்: வீடியோ கேசட் போட்டுப் பார்க்கிற விசிஆர் ஒன்று நன்றாக ஓடுகிறது. எங்கள் கல்யாணம், பிள்ளைகள் முடி எடுத்தது, தண்ணீர்மலைத் தைப்பூசம் என்று பதினொரு கேசட்டும் இருக்கிறது. விசிஆரை லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் விற்றுவிடலாமா?

தயவுசெய்து இப்போது விற்காதீர்கள் அண்ணே. கேசட்டில் இருப்பதைக் கணினிக்கு மாற்றிய பிறகுதான் விசிஆர் வீட்டை விட்டுப் போகவேண்டும். உலகத்தில் கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானியக் கம்பெனியான ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இனிமேல் கிடைப்பதெல்லாம் பழையதுதான், அதிலும் ஓடுகிறது குறைந்துகொண்டே வருகிறது. நான் முதலில் மெஷினைத்தான் கொடுத்தேன். பிறகு என் அம்மா பேசுகிற ஒரே கேசட் அலமாரிக்குப் பின்னாலிருந்து கிடைத்தது. ஓடுகிற விசிஆர் ஒன்றைத் தேடிப்பிடிக்க எட்டு மாதம் ஆயிற்று, அதற்குள் பாதி நாடாவைப் பூஞ்சை தின்றுவிட்டது. அம்மாவின் குரல் இப்போது என்னிடம் நாலு நிமிடம்தான் இருக்கிறது.

அதனால் பூஞ்சையிலிருந்தே ஆரம்பிப்போம். கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடி ஜன்னல் வழியாக நாடா சுற்றியிருக்கிற பக்கத்தைப் பாருங்கள். நல்ல நாடா கறுப்பாக, வழவழவென்று இருக்கும். திருநீறு தூவினாற்போல வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டைத் தனியாக எடுத்து வையுங்கள், மெஷினில் போடவே வேண்டாம். போட்டால் அந்தப் பொடி நாடாவைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பரவும். பூஞ்சை பிடித்ததைச் சுத்தம் செய்து மாற்றித் தரும் ஆட்களிடம்தான் கொடுக்கவேண்டும். கூலி கொஞ்சம் கூடத்தான் ஆகும், கல்யாணக் கேசட்டுக்குக் கொடுக்கலாம்.

நல்ல கேசட்டை நீங்களே மாற்றலாம். முதலில் போனால் போகட்டும் என்கிற ஒரு படக் கேசட்டைப் போட்டு, மெஷின் நாடாவைக் கடிக்கிறதா என்று பாருங்கள். சரியாக ஓடினால், உங்கள் கேசட்டைக் கடைசிவரை வேகமாக ஓடவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். வருடக்கணக்காக ஒட்டிக்கிடந்த நாடா அதில் தளரும். விசிஆரின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைக் கணினியின் யூஎஸ்பியில் இணைக்கும் சின்னக் கேப்சர் கருவி ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கிறது. மென்பொருளில் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள், நம் நாட்டில் பதிவு செய்ததெல்லாம் அந்த முறைதான். இன்னொரு முறையான என்டிஎஸ்சி-யில் (NTSC) வைத்துவிட்டுப் படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது, உருள்கிறது என்று கேசட்டைக் குறை சொல்கிறவர்கள் நிறையப் பேர். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது. முடிந்ததும் இரண்டு இடத்தில் சேமியுங்கள், ஒன்று உங்களிடம், இன்னொன்று பிள்ளை வீட்டில்.

எல்லாம் முடிந்த பிறகு விசிஆரைத் தாராளமாக விற்கலாம். என்னைக் கேட்டால், இன்னும் மாற்றாமல் கேசட் வைத்திருக்கிற உறவுக்காரருக்கு முதலில் கொடுங்கள். அவர் முடித்ததும் அடுத்த வீட்டுக்குப் போகட்டும்.

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தங்கை: மூன்று பழைய போன் இருக்கிறது, மூன்றும் ஓடுகிறது. ஒன்றைப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டு மற்றதை விற்கலாமா?

பாட்டிக்குக் கொடுப்பது 4ஜி போனாக இருக்கட்டும், 4ஜி-யிலேயே பேசவும் முடிகிறதா என்று அமைப்பில் பார்த்துவிடு. 3ஜி சேவையை நம் நாட்டில் 2021 கடைசியோடு நிறுத்திவிட்டார்கள். 3ஜி மட்டும் உள்ள போன் பேசுவதற்கு 2ஜி-க்கு இறங்கிவிடும், வைஃபை இல்லாத இடத்தில் வாட்ஸ்ஆப் சரியாக வராது. பாட்டி கோயிலிலிருந்து வீடியோ கால் போட்டால் வேலை செய்யவில்லை என்று உன்னைத்தான் கேட்பார்.

விற்கிற போனை அவசரப்பட்டு ரீசெட் செய்யாதே. வங்கிச் செயலி, மின்பணப்பையான டச் ’என் கோ, வாட்ஸ்ஆப் மூன்றும் புதுப் போனில் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பழையதில் கை வைக்கவேண்டும். வங்கி அனுமதி ஒரு போனோடு கட்டப்பட்டிருக்கும், அதைப் புதுப் போனுக்கு மாற்றும்போது சில மணி நேரம் காத்திருக்கவும் நேரலாம். அடுத்து, அமைப்புக்குள் போய் கூகுள் கணக்கை நீக்கு. ஐபோனாக இருந்தால் தொலைந்த போனைத் தேடும் ஃபைண்ட் மை-யை அணைத்து ஐகிளவுடிலிருந்து வெளியேறு. ரீசெட் அதற்கப்புறம்தான். இதை மாற்றிச் செய்தால் வாங்கியவருக்குப் போன் உன் கணக்கைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும், அவர் காசு கொடுத்துக் கல்லை வாங்கினமாதிரி ஆகிவிடும். சிம்மையும் மெமரி கார்டையும் எடுக்க மறக்காதே.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் ஆசிரியர்: 2015-இல் வாங்கிய மடிக்கணினி. விண்டோஸ் 11 ஏற்காது என்கிறது. எங்கள் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுக்கலாமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், உங்களுடையது அதற்கு முந்தையது. ஆனால் கணினி சாகவில்லை. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி சுழலாத, வேகமான எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிப் பாருங்கள், கட்டுரை எழுதவும் இணையத்தில் பாடம் பார்க்கவும் தாராளமாகப் போதும். கழற்றிய டிஸ்க் உங்களிடமே இருக்கும் என்பதால் பழைய கோப்புகளைப் பற்றிய கவலையும் இல்லை.

பள்ளிக்குக் கொடுப்பதற்கு முன் தலைமையாசிரியரையோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையோ கேளுங்கள். கேட்காமல் கொண்டுபோய் இறக்கினால், பராமரிக்க ஆளில்லாமல் அங்கேயும் ஓர் அறை நிறையும். என் அனுபவத்தில், தேவைப்படுகிற ஒரு மாணவரின் பெயரை ஆசிரியரே சொல்லி, சார்ஜரோடு அந்த வீட்டுக்கு நேராகக் கொடுப்பது நல்லது. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது ஒரே போனை வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் படித்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: 20 வருடத்து ஐஸ்பெட்டி. குளிர்ச்சி நன்றாக இருக்கிறது. வசதியில்லாத குடும்பத்துக்குக் கொடுக்க நினைக்கிறோம்.

நல்ல எண்ணம்தான். ஆனால் ஐஸ்பெட்டியோடு அதன் மின்கட்டணமும் அந்தக் குடும்பத்துக்குப் போகிறது, மாதாமாதம். கதவு இடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது, கம்ப்ரெஸர் ஓயாமல் ஓடும். ரப்பரை மாற்றிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள், இல்லையென்றால் வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரன்.

பின்னால் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரையும் படியுங்கள். ஆர் 12 என்று இருந்தால் ஓசோனைக் கெடுக்கிற வாயு, 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் ஒழிக்கச் சொன்னதில் அதுவும் ஒன்று. செம்புக்காகக் குழாயை வெட்டுகிறவரிடம் போகக்கூடாது. ஆர் 600ஏ என்றால் தீப்பிடிக்கிற வாயு, அதையும் வெட்டக்கூடாது. ஓடாத ஐஸ்பெட்டியை வெளியே வைக்க நேர்ந்தால் கதவைக் கழற்றிவிட்டு வையுங்கள், பிள்ளைகள் உள்ளே புகுந்து ஒளிந்துகொள்வார்கள்.

ஒரு பெட்டி நிறைய சார்ஜர், ரிமோட், வயர். கூடவே வீங்கிப்போன பவர் பேங்க் ஒன்று.

பவர் பேங்க்கை இன்றைக்கே பெட்டியிலிருந்து தனியாக எடுங்கள். குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், மறுபடியும் சார்ஜ் போடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, வெயில் படாத இடத்தில், எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாமல் வைத்து, சீக்கிரமே மின்கழிவு மையத்தில் கையில் கொடுங்கள். குப்பை லோரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். மற்ற வயரெல்லாம் அடுத்த தடவை மையத்துக்குப் போகும்போது சேர்த்துக் கொடுத்தால் போதும்.

பாயான் பாருவிலிருந்து ஒரு தம்பி: தாத்தாவின் ரேடியோ கேசட் பெட்டி. மின்னல் எஃப்எம் தமிழ் வானொலி தெளிவாகக் கேட்கிறது. வீட்டில் யாரும் கேட்பதில்லை, விற்கவும் மனசு வரவில்லை.

விற்கவேண்டாம் தம்பி, கேட்க ஆள் இருக்கிற இடத்துக்கு அனுப்பு. பழைய டிவி மாதிரி இல்லை, எஃப்எம் ஒலிபரப்பு அப்படியே இருக்கிறது. முதியோர் இல்லம் ஒன்றில் கேட்டுப் பார், போனில் பாட்டு வைக்கத் தெரியாத பெரியவர்கள் அங்கே நிறைய இருப்பார்கள். கொடுப்பதற்கு முன் பேட்டரி அறையைத் திற, பழைய பேட்டரி கசிந்து பச்சை பிடித்திருந்தால் வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிடு. இரண்டு முள் பிளக் இருந்தால் 3 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள மூன்று முள் பிளக்காகத் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்று. கேசட் ஓடவில்லையென்றால் உள்ளே ரப்பர் பெல்ட் இளகியிருக்கும், அது சின்ன வேலை, என்னிடம் கொண்டுவந்தால் போட்டுத் தருகிறேன். அப்புறம் மின்னல் எஃப்எம் வருகிற இடத்தில் முள்ளை நிறுத்தி, அதற்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுவிடு. கண் மங்கிய பெரியவருக்கும் தெரிகிற மாதிரி கொஞ்சம் தடித்த கோடாக.