எடைக்கு எடை

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் மகளுக்கு 29 வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. பேத்தி பிறந்தபோது 1,080 கிராம். வரும் நவம்பரில் ஆண்டு நிறைவு. ஹால் பிடித்து விருந்து வைப்பதற்குப் பதில், குறைமாதக் குழந்தைகளுக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்குக் குடும்பமாகப் பணம் திரட்டித் தர நினைக்கிறோம். லக்கி டிரா, பால் பவுடர் டப்பா, கம்பளிக் குல்லாய் என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய தம்பியும் பணம் அனுப்புகிறேன் என்கிறான். எதைச் செய்யலாம், எதை விடலாம்?

ஒரு வாசகி, செம்பூர், மும்பை

அன்புள்ள அம்மா,

வேண்டுதலுக்குத் துலாபாரம் கொடுப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம்தானே. அதையே செய்யுங்கள். ஆனால் குழந்தையின் இன்றைய எடை வேண்டாம், பிறந்த எடையைக் கணக்கில் வையுங்கள். ஒரு பத்து ரூபாய் நாணயம் ஏறத்தாழ 7.7 கிராம். 140 நாணயம் வைத்தால் 1,080 கிராம் வந்துவிடும். அதாவது உங்கள் பேத்தியின் எடைக்கு எடை 1,400 ரூபாய். வீட்டுக்கு ஒரு துலாபாரம் என்று கேளுங்கள். 40 வீடுகள் கொடுத்தால் 56,000 ரூபாய். இவ்வளவு கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படும் குடும்பங்களுக்கு இது பெரிய வசதி. தொகையைத் தராசே சொல்லிவிடுகிறது.

இரண்டு தட்டுத் தராசு ஒன்றை வாடகைக்கோ இரவலாகவோ வாங்குங்கள். ஒரு மெல்லிய பருத்திப் பையில் அரிசி போட்டு, பையோடு சேர்த்து 1,080 கிராம் வரும்படி சமையலறை எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்து, துணியில் சுற்றி வையுங்கள். வருகிறவர்கள் முதலில் அந்தப் பொட்டலத்தைக் கையில் ஏந்தட்டும். எடையைக் காதால் கேட்பதற்கும் கையில் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் புரியும். சுற்றிய துணிக்கும் எடை உண்டு. அதே போன்ற இன்னொரு துணியை எதிர்த்தட்டிலும் விரியுங்கள். பலர் தவறுவது நாணயம் போடும் பாத்திரத்தில். 200 கிராம் எவர்சில்வர் கிண்ணத்தை ஒரு பக்கம் மட்டும் வைத்தால் 26 நாணயம், அதாவது 260 ரூபாய் குறையும். இரண்டு தட்டிலும் ஒரே எடையுள்ள கிண்ணம் வையுங்கள்.

நாணயமாகவே வசூலிக்க வேண்டாம். 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலுமான நாணயங்கள் 1,000 ரூபாய் வரைதான் செல்லும். அதற்கு மேல் வாங்கியே ஆகவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. வங்கியில் கட்டலாம், ஆனால் 5,600 நாணயத்தை எண்ணிக் கட்டுவது உங்களுக்கும் காசாளருக்கும் பெரும்பாடு. ஒரே 140 நாணயத்தை எல்லோரும் மாறி மாறித் தட்டில் வைக்கட்டும். பணம், பக்கத்தில் ஒட்டிவைத்த அறக்கட்டளையின் க்யூ.ஆர். வழியாகப் போகட்டும். முதல் நாளே நீங்கள் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்து, திரையில் அறக்கட்டளையின் பெயர்தான் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பணம் உங்கள் கணக்குக்கு வரவே கூடாது என்பதில் கறாராக இருங்கள். வந்தால் ரசீது உங்கள் ஒருவர் பெயரில்தான் கிடைக்கும். கொடுத்த மற்றவர்களுக்கு நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச் சலுகை போய்விடும். (ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் சலுகை இல்லை. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தச் சலுகையே.) சொந்தபந்தத்தைத் தாண்டிக் குடியிருப்புச் சொசைட்டி முழுக்க வசூல் என்றால், மகாராஷ்டிராவில் அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனர் அலுவலக நடைமுறையும் சேர்ந்துகொள்ளும், கணபதி விழா நடத்தும் மண்டல்கள் அனுமதி வாங்குவது அங்கேதான். லக்கி டிராவை விட்டுவிடுங்கள். காசுக்குச் சீட்டு விற்றுப் பரிசு கொடுத்தால் அது லாட்டரிதான். நல்ல காரியத்துக்கு என்பதால் சட்டம் விட்டுவிடாது.

தம்பி இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருந்தால் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டதால் அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை, இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படித்தான். அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருந்தால், அதற்கென டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் வைத்திருக்கும் கணக்குக்கு மட்டுமே அவர் அனுப்பலாம். உங்களுக்கு அனுப்பி, நீங்கள் சேர்த்துக் கொடுக்கும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். மாட்டிக்கொள்வது அந்த அமைப்புதான்.

பால் பவுடரும் பால் புட்டியும் கூடவே கூடாது. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை நன்கொடையாகக் கொடுப்பதையே தடை செய்கிறது. அநாதை இல்லங்களுக்கு மட்டும் விலக்கு. காரணமும் நியாயமானது. குறைமாதக் குழந்தையின் குடலைத் தாக்கும் கொடிய அழற்சி தாய்ப்பால் குடிப்பவர்களுக்குக் குறைவாகவே வருகிறது. இதில் மும்பைக்குத் தனிப் பெருமை உண்டு. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989-இல் தொடங்கியது நம் சயான் ஆஸ்பத்திரியில்தான். தாராவித் தமிழ்க் குடும்பங்களுக்கு அது வீட்டு வாசல் மாதிரி. உங்கள் குடும்பத்தில் பால் கொடுக்கும் பெண்கள் யாரும் இருந்தால் விசாரிக்கச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை செய்துதான் ஏற்பார்கள், பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிப் பதப்படுத்துவார்கள்.

குல்லாய் பின்ன ஆசைப்படும் பெரியவர்களை ஏமாற்ற வேண்டாம், ஆனால் வார்டில் கேட்ட பிறகு ஊசியை எடுக்கட்டும். கம்பளி வேண்டாம், இழை உதிரும். மென்மையான பருத்தி நூல் போதும். பொத்தான், ரிப்பன், மணி கூடாது. நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு 34, 35 செ.மீ.; ஒரு கிலோக் குழந்தைக்கு 26, 27 தான். வழக்கமான அளவில் பின்னினால் கண்ணை மூடிக் கழுத்துக்கு வந்துவிடும்.

அறக்கட்டளையிடம் பணத்தை எதற்குச் செலவிடுவார்கள் என்று கேளுங்கள். இயந்திரம் வாங்கத்தான் எல்லோரும் கொடுக்க விரும்புகிறார்கள், கல்வெட்டில் பெயர் வரும். நான் கேட்டால் தாயின் பஸ் காசுக்குக் கொடுங்கள் என்பேன். குழந்தை உள்ளே, தாய் டிஸ்சார்ஜ். தினமும் கல்யாணிலிருந்தோ முர்பாடிலிருந்தோ வந்து போகவேண்டும். நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காருப் பராமரிப்பு நாளுக்கு குறைந்தது 8 மணி நேரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவ்வளவு நேரம் சாய்ந்து உட்கார நாற்காலி, கட்டுத்துணி, இரண்டு வேளைச் சாப்பாடு இருந்தால்தான் அது நடக்கும். வீட்டுக்குப் போன பின்பும் செலவு தீராது. 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் கீழோ பிறந்தால் 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். ஒரு நாள் கூலி போகுமே என்று அதைத் தள்ளிப்போட்டுப் பார்வையை இழக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

நவம்பர் 17 உலகக் குறைமாதக் குழந்தைகள் தினம். ஆண்டு நிறைவை ஒட்டிய ஞாயிறு அதற்கு அருகில் அமைந்தால் நல்லது.

இன்னொன்று. வருகிறவர்கள் “இன்னும் நடக்கலையா?” என்று கேட்பார்கள். குழந்தை 11 வாரம் முன்னால் வந்தவள். அன்றைக்கு அவளுடைய திருத்திய வயது, அதாவது பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணும் வயது, ஒன்பதரை மாதம்தான். தராசுக்குப் பக்கத்தில் அதையும் ஓர் அட்டையில் எழுதி வைத்துவிடுங்கள். அந்தக் கேள்வி அவள் அம்மாவின் காதில் விழ வேண்டாம்.