லிட்டரை விடுங்கள், நீளத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: உரிமத்தோடு ஒரு ரைஃபிளும் ஒரு பிஸ்டலும் வைத்திருக்கிறேன். பைக் கார்புரேட்டரையும் நானே கழற்றிச் சுத்தம் செய்வது வழக்கம். இரண்டுக்கும் பொதுவாக ஓர் அல்ட்ராசோனிக் கிளீனர் வாங்கலாமா? எத்தனை லிட்டர், எத்தனை வாட் பார்த்து வாங்குவது?

பதில்: அதிர்வால் திரவத்தில் நுண்குமிழ்களை எழுப்பி, அவை உடையும் வேகத்தில் அழுக்கைப் பெயர்க்கும் கருவி இது; தாராளமாக வாங்கலாம். அதற்கு முன் உங்கள் பாகங்களில் எது நீளமோ அதை அளந்துகொள்ளுங்கள். பிஸ்டலின் ஸ்லைடும் (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) ரைஃபிளின் போல்ட்டும் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) பெரும்பாலும் 20 சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும். 2 லிட்டர் தொட்டிகள் பலவற்றின் உள்நீளமே சுமார் 15 சென்டிமீட்டர்தான். 3 லிட்டர் என்றால் 24, 6 லிட்டர் என்றால் 30 வரும். இதிலும் கம்பிக்கூடை இரண்டு மூன்று சென்டிமீட்டரைத் தின்றுவிடும். கூடை இல்லாமல் தொட்டியின் அடியில் பாகத்தைக் கிடத்தக் கூடாது. அதிர்வைக் கொடுக்கும் டிரான்ஸ்டியூசர்கள் அந்தத் தகட்டின் அடியில்தான் ஒட்டியிருக்கின்றன. எடை அழுத்தினால் தகடும் தேயும், பாகத்திலும் கீறல் விழும். கார்புரேட்டரும் உண்டு என்கிறீர்கள், அதற்கு ஆழமும் வேண்டும். ஆகவே 6 லிட்டர். பாரலுக்காக, அதாவது துப்பாக்கிக் குழலுக்காக, பெரிய தொட்டி தேடாதீர்கள்; அதற்குத் தடியும் பிரஷும் போதும்.

வாட் கணக்கில்தான் ஏமாற்று அதிகம். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணில் ஹீட்டரின் வாட்டும் சேர்ந்திருக்கலாம். அல்ட்ராசோனிக் மட்டும் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். 6 லிட்டருக்கு 150 முதல் 180 வாட் இருந்தால் நல்லது. அதிர்வெண் 40 கிலோஹெர்ட்ஸ் போதும். 25, 28 கிலோஹெர்ட்ஸில் குமிழ்கள் பெரிதாகி ஓங்கி அடிக்கும். முரட்டு இரும்புக்கு அது சரி, மெருகேற்றிய பரப்புக்கு ஆகாது. ஹீட்டர் அவசியம்: 50 முதல் 60 டிகிரி செல்சியஸில் பிசுக்கு நன்றாக விடும்.

வாங்கியதும் ஒரு சோதனை. புதுத் தண்ணீரில் காற்று கரைந்திருக்கும், அதனால் பத்து நிமிடம் சும்மா ஓட விடுங்கள். பிறகு அலுமினியத் தாள் ஒன்றை ஒரு நிமிடம் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். தாள் முழுக்க ஊசிக்குத்துப் போலப் பொத்தல் விழுந்தால் கருவி சரி. ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

திரவத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பெட்ரோல், தின்னர், ஆல்கஹால் எதையும் தொட்டியில் ஊற்றவே கூடாது. சூடும் ஆவியும் மின்சாரமும் ஓரிடத்தில் கூடினால் தீதான். அமிலம் கலந்த துரு நீக்கி, துப்பாக்கி எஃகின் கருநீலக் காப்புப் பூச்சான புளூயிங்கை உரித்துவிடும். கடுங்காரம் கார்புரேட்டரின் அலுமினியத்தைக் கருக்கும். அம்மோனியா கலந்தது கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் நுண்துளைப் பாகமான பித்தளை ஜெட்டுக்கு எதிரி. காரத்தன்மை குறைந்த, அலுமினியத்துக்கும் ஆகும் என்று குறிப்பிட்ட திரவமே இரண்டுக்கும் பொது. மரக்கட்டை, ஸ்கோப், ஒளிரும் சைட் (குறிபார்க்கும் பாகம்), உரியத் தொடங்கிய முலாம் ஆகியவை உள்ளே போகக் கூடாது. தோட்டாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இருமுறை பார்த்த பிறகே கழற்றுங்கள்.

ஐந்து, பத்து நிமிடச் சுற்றுகளாக ஓட்டுங்கள். பலர் கோட்டைவிடுவது வெளியே எடுத்த பிறகுதான். அழுக்கோடு எண்ணெயும் ஒரு துளி மிச்சமில்லாமல் போயிருக்கும். வெற்று எஃகில் சில நிமிடங்களிலேயே துரு பூக்கும். உடனே அலசி, சூடான காற்றில் உலர்த்தி, நீரைத் தள்ளும் எண்ணெயில் முக்குங்கள். பிறகு ஊசிகள் செருகும் துளைகளிலும் ஸ்பிரிங் இடுக்கிலும் துப்பாக்கி எண்ணெய் விடுங்கள்.

அந்தக் கறுத்த தண்ணீரில் ஈயம் இருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள், அபாயக் கழிவாகவே ஒப்படையுங்கள். துப்பாக்கி கழுவிய கருவியில் மூக்குக்கண்ணாடியோ நகையோ போட வீட்டில் யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.