புழு சாகும்போது உடல் ஏன் கொதிக்கிறது?

மருத்துவம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரவில் வீடு வீடாக வந்து எடுத்த இரத்தப் பரிசோதனையில், என் கணவருக்கு யானைக்கால் கிருமி இருப்பதாகச் சொல்லி 12 நாளைக்கு டி.இ.சி. என்ற புழு மாத்திரை கொடுத்தார்கள். முதல் நாள் இரவே குளிர்காய்ச்சலும் தலைவலியும் வந்தன. மூன்றாம் நாள் தொடையிடுக்கில் நெறி கட்டி, விதைப்பையிலும் வலி கண்டது. மருந்துக் கடையில் பொட்டலம் மடித்துக் கொடுத்த மாத்திரையில் ஒரே வேளையில் எல்லாம் தணிந்துவிட்டது. அரசு மாத்திரையை விட்டுவிட்டு இதையே தொடரலாமா?
(ஒரு வாசகி, திருவிடைமருதூர்)

பதில்: பொட்டலத்தைத் தொடராதீர்கள், டி.இ.சி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். யானைக்காலுக்கு ஒரு காலத்தில் பெயர்பெற்றிருந்த கும்பகோணம் வட்டாரத்தில், இந்தக் காய்ச்சலுக்கு அஞ்சி மருந்தைப் பாதியில் கைவிடுவோர் இன்றும் இருக்கிறார்கள்.

யானைக்கால் கிருமி என்பது ஒரு புழுதான். வளர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் வாழ்ந்து, நுண்புழுக்கள் எனப்படும் இலட்சக்கணக்கான குஞ்சுகளை இரத்தத்தில் விடுகின்றன. இந்நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நள்ளிரவு நேரத்தில்தான் இவை மேலோட்டமான இரத்த நாளங்களுக்கு வருகின்றன என்பதாலேயே இரத்தத்தை இரவில் எடுக்கிறார்கள். டி.இ.சி. உள்ளே சென்றதும் நுண்புழுக்கள் சில மணி நேரத்திலேயே கூட்டமாக மடியத் தொடங்கும். அவற்றின் உடற்பொருள்களும், அவற்றுக்குள் குடியிருக்கும் வோல்பாக்கியா என்னும் பாக்டீரியாவும் வெளிப்பட, நம் எதிர்ப்பாற்றல் அவற்றின்மீது பாய்கிறது. அந்தப் பாய்ச்சலைத்தான் அழற்சி என்கிறோம். உங்கள் கணவருக்கு வந்த காய்ச்சலும் தலைவலியும் அதன் வெளிப்பாடுகளே. இரத்தத்தில் நுண்புழு அதிகமாக இருந்தவருக்குக் காய்ச்சலும் கடுமையாக இருக்கும். நுண்புழு இல்லாதவர் அதே மாத்திரையை விழுங்கினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தொடையிடுக்கு நெறியும் விதைப்பை வலியும் சில நாள் கழித்து வருவது, வளர்ந்த புழு இருந்த இடத்திலேயே சாவதால் அங்கே ஏற்படும் அழற்சி.

இவற்றில் பெரும்பாலானவை இரண்டு மூன்று நாளில் தாமாகவே அடங்கும். அதுவரை பாரசிட்டமால், தேவைப்பட்டால் மருத்துவர் தரும் ஒவ்வாமை மாத்திரை, ஓய்வு, நிறையத் தண்ணீர் ஆகியவை போதும். மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு விழுங்குவது நல்லது. மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம், மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், விதைப்பையில் கடும் வலி ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இல்லாவிட்டாலும், நெறி கட்டியதை மாத்திரை கொடுத்த சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டி, அவர்கள் சொற்படி 12 நாளையும் முடிக்கச் செய்யுங்கள்.

இனி அந்தப் பொட்டலம். பெயரும் தேதியும் அச்சிட்ட அட்டையிலிருந்து பிரித்து, தாளில் மடித்துக் கொடுக்கப்படும் சிறு வெள்ளை மாத்திரை ஒரே வேளையில் எல்லா வலியையும் அடக்குகிறதென்றால், அது பெரும்பாலும் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுதான். அது அழற்சியை அடக்கும்; புழுவை ஒன்றும் செய்யாது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. வெறுங்காலோடு வயலில் இறங்குவோரின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழையும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்னும் குடற்புழு, எந்தத் தொல்லையும் தராமல் பல ஆண்டுகள் உள்ளேயே தங்கியிருக்கக் கூடியது. அவ்வாறு தங்கியிருப்பவர் ஸ்டீராய்டு எடுத்தால், அந்தப் புழு கட்டுக்கடங்காமல் பெருகி, நுரையீரல் முதலான உறுப்புகளுக்குப் பரவி, உயிரையே பறிக்கக் கூடும். நடவும் களையெடுப்புமாக வாழும் நம் டெல்டாவில் ஸ்டீராய்டைப் பொட்டலமாக விற்பதை என்னால் சிறு தவறாகக் கருத முடியவில்லை.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்ததில் மூளையில் ஒரு புழுக்கட்டி என்றார்கள். ஸ்டீராய்டை முதலில் தொடங்கி, அதன் பிறகே அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். புழுவுக்கு மருந்து இருக்கும்போது ஸ்டீராய்டு எதற்கு? நாங்கள் சைவம், இது எப்படி வந்தது?
(ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: முதல் பதிலைப் படித்துவிட்டு நீங்கள் கலங்கிவிடக் கூடாது. உங்கள் மகளுக்கு ஸ்டீராய்டு தேவையான இடத்தில், தேவையான முறையில் தரப்படுகிறது. மூளையில் தங்கும் நாடாப்புழுவின் இளம்பருவம், உயிரோடு இருக்கும்வரை எதிர்ப்பாற்றலின் கண்ணில் படாமல் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். அது நலியத் தொடங்கும்போதுதான் உடல் அதை இனங்கண்டு சூழ்கிறது. சுற்றிலும் ஏற்படும் வீக்கம் வலிப்பைத் தூண்டுகிறது. அல்பெண்டசோல் அந்த அழிவை விரைவுபடுத்துவதால், வீக்கமும் சில நாளுக்குக் கூடும். தொடையிடுக்கில் வீங்கினால் வலியோடு போகும். மண்டையோட்டுக்குள் வீங்க இடமில்லை. அதனால்தான் ஸ்டீராய்டை முன்கூட்டியே தொடங்குகிறார்கள். கட்டிகள் ஏராளமாக இருந்து மூளையே வீங்கியிருந்தால் புழு மருந்தைத் தள்ளிவைத்து வீக்கத்தை மட்டும் குறைப்பதும் உண்டு.

கண்ணுக்குள்ளும் இத்தகைய கட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டார்களா என்பதையும், மகள் வயலில் வெறுங்காலோடு நடப்பவளாயின், முதல் பதிலில் சொன்ன ஸ்ட்ராங்கிலாய்டஸ் ஆபத்து இருப்பதால், அதையும் மருத்துவரிடம் பேசுங்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக் கூடாது. அவர் சொல்லும் கணக்கில்தான் குறைக்க வேண்டும். கட்டி மறைந்தாலும் வலிப்பு மருந்தை அவர் நிறுத்தச் சொல்லும்வரை தொடருங்கள்.

சரியாக வேகாத பன்றி இறைச்சியால் வருவது குடலில் வாழும் நாடாப்புழு. மூளைக்குச் செல்வதோ, அந்தப் புழு உள்ள மனிதரின் மலத்தில் வெளிவரும் முட்டை. அது கழுவாத கையிலும், பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, வெள்ளரி போன்றவற்றிலும் ஒட்டி யார் வயிற்றுக்குள்ளும் போகலாம்; அதற்குச் சைவம், அசைவம் என்ற வேறுபாடு இல்லை. வீட்டில் உள்ள அனைவரும், சமைப்பவர் உட்பட, மலப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

கேள்வி: யானைக்கால் உள்ள என் அம்மாவுக்கு மாதம் ஒருமுறை கால் சிவந்து, வீங்கிக் காய்ச்சல் அடிக்கிறது. மறுபடியும் புழு மாத்திரை கொடுக்கலாமா?
(ஒரு வாசகர், மயிலாடுதுறை)

பதில்: இந்தக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் புழு காரணமில்லை. நிணநீர் ஓட்டம் கெட்டுப்போன காலில், விரலிடுக்குச் சேற்றுப்புண் வழியாகப் பாக்டீரியா நுழைவதால் வருவது. காய்ச்சல் கண்ட அன்றே மருத்துவரிடம் சென்று ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். ஒவ்வொரு தாக்குதலும் காலை இன்னும் சற்றுப் பருமனாக்கிவிட்டுப் போகும் என்பதால், அடுத்தது வராமல் தடுப்பதே முதன்மையான சிகிச்சை. நாள்தோறும் சோப்பும் தண்ணீரும் கொண்டு காலைக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்தி, புண் இருந்தால் பூஞ்சையை ஒழிக்கும் களிம்பு தடவுங்கள். உறங்கும்போது கால் சற்று உயரத்தில் இருக்கட்டும். இவ்வளவும் செய்த பிறகும் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி அவருக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.